மாமா என்று கையெழுத்திட்டேன்

"படுங்க! கீழ படுங்க!"

படுத்தேன். மகள் மங்கா என் வயிற்றுக்குக் கீழே. மூன்று வயது. காலை பத்து மணி. ரங்கூன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று, டிசம்பர் இருபத்து மூன்று. முதலில் வண்டு ரீங்காரம் மாதிரி. பிறகு சீட்டி. பிறகு சத்தமே இல்லை. காது அடைத்துவிட்டது. எழுந்து பார்க்கிறேன். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கூரை இல்லை. என் மனைவி முனியம்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தாள். குழாயடி இல்லை.

முனியம்மாவின் சேலைத் தலைப்பை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் மறுபடியும் விமானம் வந்தது.

நான் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன். சொந்த ஊர் சித்தூர் ஜில்லா, நகரி. மங்கா பிறந்ததும் திருப்பதி மலைக்கு முடி நேர்ந்துகொண்டோம். ஊருக்குப் போகும்போது இறக்கலாம் என்று பிறவி முடியில் கத்தி படாமல் வைத்திருந்தோம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப்போட்டோம். பெருமாள் எங்கே போகப்போகிறார் என்று நினைப்பு.

பிப்ரவரி. கப்பல் துறை. பெண்கள், குழந்தைகள் மட்டும். ஆண்கள் நடந்து போகலாம், அல்லது சாகலாம். பக்கத்து வீட்டு ராஜம்மா வரிசையில் நிற்கிறாள். காளஹஸ்திக்காரி. பிள்ளை இல்லாதவள். அவள் புருஷன் துறைமுக வேலையை விட்டு வரவில்லை. மங்காவை அவள் இடுப்பில் ஏற்றினேன். பேர் எழுதுகிறவன் தலை நிமிரவில்லை. "உன் பிள்ளையா?" என்றான். நான்தான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். எழுதிவிட்டான். ராஜம்மாள், மகள் மங்கா.

"முடிய மட்டும் எடுத்துடாதம்மா. அது மலைக்கு."

"நீ வர்ற வரிக்கும் கத்தி படாம பாத்துக்கினு இருப்பேண்ணா. சீக்கிரம் வந்து சேரு."

மங்கா "நைனா, நைனா" என்று அப்பனைக் கூப்பிட்டுக் கத்தினாள். சங்கு ஊதியது. அதற்குமேல் கேட்கவில்லை.

நடந்தேன். அதிக தூரம் போகவில்லை. ஜப்பான்காரன் பிடித்தான். சயாம் காட்டில் ரயில் பாதைக்குக் கட்டை சுமந்தேன். வாந்திபேதி. காலையில் எழுப்பினால் பக்கத்தில் படுத்தவன் எழுந்திருக்க மாட்டான். அவன் கஞ்சியையும் நான் குடித்தேன். சண்டை முடிந்து கப்பலில் ஏற்றினார்கள். நகரி வந்து சேர்ந்தேன். நேரே காளஹஸ்திக்கு ஓடினேன்.

ராஜம்மாவின் அண்ணன் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "நீ செத்துட்டேன்னு சொன்னாங்களேப்பா. அவ புருஷன் உயிரோட இருக்கான்னு தகவல் வந்துது. புள்ளைய இட்டுக்கினு போன மாசம்தான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினா."

அவள் போன கப்பலும் நான் வந்த கப்பலும் கடலில் எதிரெதிரே போயிருக்கும்.

திரும்பிப் போகலாம் என்றால் பர்மா இப்போது வேறு தேசம். பர்மிட் வேண்டும். முன்பு அங்கே இருந்தவன் என்பதற்குச் சான்று வேண்டும். என் சான்றெல்லாம் அந்தக் கூரையோடு எரிந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை பிறந்தால் பேரைப் பதிந்து, அந்தக் காகிதத்தை இடுப்பில் கட்டுங்கள். பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி எரியும். இன்னொன்று. வீட்டுத் தலைவன் வேறு தேசத்துக் குடியுரிமை வாங்கினால் வயசு வராத பிள்ளைகளும் அவனோடு போய்விடுவார்கள். ராஜம்மா புருஷன் வேலைக்காக பர்மா பிரஜை ஆனான். மனுவில் மகள் என்று மங்கா பேரும் இருந்தது. என் ரத்தம் அயல்நாட்டு ரத்தம் ஆயிற்று. ராஜம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவளைப் போலத்தான் வளர்த்தாள்.

மங்கா இங்கே வர விசா வேண்டும். இங்கேயே தங்கிக் குடியுரிமை கேட்கலாமே என்பீர்கள். அதற்கு முதலில் வந்து வசிக்க வேண்டும். வசிக்க விசா வேண்டும். செக்கு மாடு பரவாயில்லை.

விசாவுக்குப் பிணை. இங்கே ஒருவன் சோறு, துணி, திரும்பும் செலவு எல்லாம் என் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நிலம் காட்ட வேண்டும். எனக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் அப்பன் விட்ட நிலம் உண்டு. புத்தூர் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தேன்.

"பெண்ணுக்கு நீ ஏமவுதாவு? என்ன உறவு?" என்றார் குமாஸ்தா.

"நைனா சார்."

"காகிதத்துல நைனான்னு வேற பேரு இருக்கே. நீ நைனான்னா அந்தக் காகிதம் பொய்யி. பொய்க் காகிதத்துக்கு விசா ராது, வராது. ஆலோசிஞ்சு சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. வழி சொன்னார். தாய்மாமன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் மகளுக்கு நான் மாமா. கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

விசாரணை வந்தது. போலீஸ்காரர் வந்தார். ராஜம்மாவின் கடிதமும் வந்தது. மங்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, முடி இறக்காமல் தாலி ஏறக்கூடாது என்று கல்யாணத்தை நிறுத்திவைத்திருக்கிறோம், சீக்கிரம் செய் அண்ணா என்று. முடி முழங்கால் வரை வந்துவிட்டதாம்.

அறுபதாம் வருஷம். ஏப்ரல் முதல் தேதி. எல்லை பிரித்தார்கள். இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் மெட்ராஸ். தமிழ் பேசுகிறவன் தெலுங்கு பேசுகிறவன் என்று ஊரே சண்டை போட்டது. எனக்கு இரண்டும் தெரியும். இரண்டும் உதவவில்லை. பள்ளிப்பட்டு மெட்ராசுக்குப் போயிற்று. நகரி இங்கே நின்றது.

"ஆ பொலம் இப்புடு மனதி காதய்யா," என்றார் அதே குமாஸ்தா. அந்த நிலம் இப்போது நம்முடையது இல்லை. "அங்க போயி புதுசா சர்டிபிகேட் தெச்சுகோ, வாங்கிக்கினு வா. மொதல்லேர்ந்து எழுதணும்."

முதலிலிருந்து எழுதினேன். அந்தப் பக்கம் போனால், நிலம் இங்கே, ஆள் ஆந்திராக்காரன், உன் தாசில்தாரைக் கேள் என்றார்கள். இந்தப் பக்கம் ஆளுக்குச் சான்று, அந்தப் பக்கம் நிலத்துக்குச் சான்று. ஒன்று வந்தால் மற்றது காலாவதி. மழை வந்து போனது. இன்னொரு மழையும் வந்தது.

ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று மஞ்சள் துணி முடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. மாப்பிள்ளை வீடு இனிப் பொறுக்காது என்றதாம். ராஜம்மா முழு மொட்டைக்குப் பதில் மூன்று கத்தரி மட்டும் வெட்டி, கல்யாணத்தை முடித்துவிட்டாள். முடிப்பைப் பிரிக்கிறேன். மூன்று சிறு கற்றை. நுனி செம்பட்டை. அந்த நுனிதான் நான் தடவிய முடி. ரங்கூனில் குண்டுக்குக் கீழே என் தாடையில் உரசிய முடி. வாய்விட்டு அழுதேன்.

மலை ஏறினேன். மொட்டை போடும் மண்டபத்தில் நாவிதர் முடிப்பைப் பார்த்தார்.

"வெட்டினத இங்க வாங்க மாட்டோம் பெரியவரே. யாருக்கு மொக்கு, யாருக்கு வேண்டுதல்?"

"என் மகளுக்கு."

"நைனாவா நீங்க? அப்டின்னா உங்க தலையில வெச்சி எடுத்துட்றேன். உக்காருங்க."

சான்று கேட்கவில்லை. தண்ணீர் தெளித்தார். அவள் முடியை என் முடியோடு சேர்த்து வழித்தார்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். முனியம்மா, ரங்கூன் குழாயடியில். சயாம் காட்டில் என்னோடு கட்டை சுமந்தவர்கள், எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. நிலம், பிணைக்கு அலைந்ததில் விற்றாயிற்று. என் மகள் மங்கா, உயிரோடு, சுகமாக, ரங்கூனில். அவளுக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். மாமாவுக்கு நமஸ்காரம் என்று எழுதியிருக்கிறாள்.