வர்வாராவின் பெயர்நாள்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

வர்வாரா என் சித்தப்பா மகள். அழகிப் பட்டம் வாங்கிய வருஷமே சினிமாவுக்குப் போனாள். அவளுக்குத் துணையாகத்தான் நான் ஏதென்ஸ் வந்தேன். அவளுக்குப் பெயர் தந்த புனித வர்வாராவின் நாள் வந்தால் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. பெயர்நாளுக்கு யாரை யார் அழைக்கிறார்கள்? கதவு திறந்திருந்தால் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். எல்லோரும் அவள் கையை முத்தமிடுவார்கள். என்னிடம் காலித் தட்டை நீட்டுவார்கள். அது எனக்கு வலித்தது.

படங்கள் குறைந்த பிறகுதான் அதைச் செய்ய ஆரம்பித்தேன். ‘இவ்வருடம் பெயர்நாள் கொண்டாடவில்லை’ என்று அவள் பெயரில் பேப்பரில் ஒரு வரி விளம்பரம். துக்க வீட்டார் கொடுப்பார்களே, அதேதான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை, மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். அழகியாயிற்றே, கண்ணாடி போட வெட்கப்பட்டு அவள் பேப்பர் பக்கமே போகமாட்டாள். அன்றைக்குத் தொலைபேசி ஒயரையும் பிடுங்கிவிடுவேன்.

அவள் வருஷா வருஷம் கோதுமைப் பாயசம் கிண்டி, நீலப் பட்டு உடுத்தி, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருட்டியதும், “என்னை மறந்துட்டாங்கடி, கலியோப்பி” என்பாள். “நான் இருக்கேன்ல?” என்பேன். இரண்டு பேருமாகப் பாயசம் சாப்பிடுவோம். அந்தச் சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. மறைப்பானேன்.

இந்த வருஷம், அவள் சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது, அவளோடு நடித்த ஸ்ட்ராத்தோஸ் ஒரு பூந்தொட்டியோடு வந்துவிட்டார்.

“பேப்பர்ல பார்த்தேன். நம்பவே முடியல. கூட்டம்னா அவளுக்கு உசுராச்சே!”

“தூங்குறா.”

“நீ இன்னும் அதே காவக்கார நாய்தானா?” என்று சிரித்துவிட்டு, தொட்டியை என் கையில் கொடுத்துப் போனார். நல்ல மனுஷர்.

“யாருடி வந்தது?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“மேல் வீட்டுக்கு வந்தவங்க. மாறி நம்ம மணியை அடிச்சிட்டாங்க.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். படுக்கையறைக்குப் போனாள். பாயசம் கொண்டுபோனபோது தூக்க மாத்திரைப் புட்டி காலியாக இருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. “தப்பு பண்ணிட்டேன், கலியோப்பி. யாரையாவது கூப்பிடு” என்றாள்.

“யாரு வருவா, கண்ணு?” என்றேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் செய்தி பரவும், ஆஸ்பத்திரி வாசலில் ஊரே கூடும், என்னை வராந்தாவில் நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒயரை மாட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு முறை என் பெயரைச் சொன்னாள். பிறகு கை குளிர்ந்துவிட்டது.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் தனிமையில் செத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு நாளாவது நான் அவளைத் தனியாக விட்டிருக்கிறேனா?