குட்டையா குண்டா ஒண்ணு

வெர்லின்: அத எடுத்த எடத்துலயே வெச்சிருங்க மேடம். அது உங்களுக்கு ஆகாது.

நெல்டா: ஏன், பொம்பளைக்கு ஆகாதா?

வெர்லின்: சின்ன வயலுக்கு ஆகாது. ‘எங்கிட்ட சின்ன வயல்தான் இருக்கு, அதுல விட ஒரு மாடல் ராக்கெட் வேணும்’னு சொல்லிக்கிட்டேதானே கடைக்குள்ள வந்தீங்க?

நெல்டா: பெட்டில படம் நல்லாருந்துச்சு. ஒசரமா, ஊசி மாதிரி...

வெர்லின்: ஊசிங்கறதாலதான் சொல்றேன். காத்தக் கிழிச்சுக்கிட்டு ரெண்டாயிரம் அடி போயிரும். அங்க பாராசூட் விரிஞ்சா, அப்பறம் காத்து வெச்சதுதான் சட்டம். நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு பக்கத்து ஊர்ல தேடணும்.

நெல்டா: இந்த ஊர்ல மத்தவங்கல்லாம் எத விடுறாங்க?

வெர்லின்: யாரும் எதையும் விடல. விடறதுக்கு எடம் இல்ல.

நெல்டா: கடைக் கண்ணாடில ராக்கெட் சங்கம்னு ஒட்டியிருக்கு...

வெர்லின்: ஒட்டுனது இருக்கு. ஆளும் பதினோரு பேர் இருக்காங்க. வயல்தான் போச்சு. புல்லு வளத்து விக்கற பண்ணைல விட்டுக்கிட்டிருந்தோம், அத வித்துட்டாங்க. இப்ப அங்க பூரா சோலார் பலகை. ஏப்ரல் ஒண்ணாந்தேதிக்குள்ள வேற வயல் கிடைக்கலன்னா சங்கத்தக் கலைச்சிரலாம்னு போன வாரம் ஓட்டெடுத்தாச்சு.

நெல்டா: ஏப்ரலுக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு.

வெர்லின்: எனக்கும் காலண்டர் இருக்கு மேடம்.

நெல்டா: கோவப்படாதீங்க... யார்கிட்டயும் கேட்டுப் பாக்கலையா?

வெர்லின்: இந்த வட்டாரத்துல ஒரு வீடு விடாம கதவத் தட்டியாச்சு. ஒரே ஒரு வீட்டத் தவிர.

நெல்டா: அந்த வீட்டுக்கு என்ன கேடு?

வெர்லின்: வாசல்ல பலகை இருக்கு, ‘உள்ளே வந்தால் சுடப்படுவீர்’னு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்... இந்தாங்க, இந்தப் பெட்டியப் பாருங்க.

நெல்டா: இதுவா? பெயின்ட் டப்பாவுக்கு றெக்கை ஒட்டுன மாதிரி இருக்கு.

வெர்லின்: எல்லாரும் மொதல்ல சிரிப்பாங்க. ரெண்டடி உசரம், நாலு அங்குலம் அகலம். சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க.

நெல்டா: இது பறக்குமா?

வெர்லின்: நல்லாப் பறக்கும். அகலமான ஆளு திருவிழாக் கூட்டத்துக்குள்ள நுழையற மாதிரி... முட்டி மோதித்தான் மேல போகும். சக்தி இருக்கு, சத்தம் இருக்கு, பொகை இருக்கு. ஆனா அறுநூறு அடிக்கு மேல முக்குனாலும் போகாது.

நெல்டா: அவ்வளவு சத்தம் போட்டுட்டு அவ்வளவுதானா?

வெர்லின்: அதான் அழகே. ஊசி மாதிரி ஒண்ணு ‘விஷ்’னு போயிரும், அப்பறம் வெறும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். இது மெதுவா கெளம்பும். ஏறுறது, திரும்புறது, பாராசூட் விரியறதுன்னு ஒண்ணு விடாமப் பாக்கலாம்.

நெல்டா: காத்து அடிச்சா?

வெர்லின்: பத்து மைல் வேகத்துல காத்துன்னு வைங்க. எத்தனை அடி மேல போச்சோ, ஏறக்குறைய அத்தனை அடி தள்ளிப் போய் விழும்.

நெல்டா: அப்ப ரெண்டாயிரம் அடி போனது...

வெர்லின்: ரெண்டாயிரம் அடி தள்ளி. இன்னொருத்தர் நெலத்துல.

நெல்டா: அனுபவிச்ச மாதிரி சொல்றீங்க. தொலைச்சிருக்கீங்களா?

வெர்லின்: ...ஒண்ணே ஒண்ணு.

நெல்டா: எப்படி?

வெர்லின்: மோட்டார் பெருசு, மூளை சின்னது. காத்து மேற்கேர்ந்து வருது, வேணாம்னு பத்து பேரும் சொன்னாங்க.

நெல்டா: எங்க போய் விழுந்துச்சு?

வெர்லின்: ஒரு மரத்துல.

நெல்டா: எந்த மரத்துல?

வெர்லின்: மரம்னா மரம்தான்... காபி குடிக்கறீங்களா? காலைல போட்டது.

நெல்டா: வாசம் இங்கயே அடிக்குது. ரோட்டுக்கு ஊத்தற தார் மாதிரி. வேணாம். குட்டையா இருந்தா குப்புறக் கவுந்துராதா?

வெர்லின்: அட, நல்ல கேள்வி. கவுந்துரும். அதனாலதான் மூக்குக்குள்ள கொஞ்சம் ஈயக்குண்டு போட்டு பசை ஊத்தணும். மூக்கு கனமா இருந்தா புத்தி நேராப் போகும்.

நெல்டா: மனுஷங்களுக்கு அப்படி இல்ல.

வெர்லின்: இல்லதான்... அப்பறம் வார்னிஷ். உடம்பு வெறும் அட்டை. மழை பட்டா ஊறிடும்னு பயப்படுவாங்க. இத ரெண்டு தடவை அடிச்சா போதும். ஆறு குளிர்காலம் வெளியவே கிடந்தும் அசையாத ராக்கெட்ட என் கண்ணாலப் பாத்திருக்கேன்.

நெல்டா: ஆறு குளிர்காலமா?

வெர்லின்: பனி, ஆலங்கட்டி, எல்லாம் பாத்தாச்சு. ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சாவே இருக்கு. வெயில்ல பாத்தா நேத்து அடிச்ச மாதிரி.

நெல்டா: நேத்து அடிச்ச மாதிரி... அட.

வெர்லின்: சிரிக்காதீங்க. இதச் சொல்லித்தான் எல்லார்கிட்டயும் விக்கறேன்.

நெல்டா: நான் சிரிக்கல. மேல சொல்லுங்க.

வெர்லின்: கடைசியா, முக்கியமான விஷயம். உள்பக்கம் அழியாத மைல உங்க பேரும் போன் நம்பரும் எழுதிருங்க. கண்டெடுத்தவங்க கூப்பிடுவாங்க.

நெல்டா: கூப்பிடுவாங்களா?

வெர்லின்: நல்லவங்க கூப்பிடுவாங்க.

நெல்டா: கூப்பிடாதவங்க?

வெர்லின்: ...அவங்களுக்கும் ஏதோ காரணம் இருக்கும். சரி, எங்க வெச்சு விடணும்னு பாப்போம். வயலச் சொல்லுங்க, வரைஞ்சு காட்டுறேன்.

நெல்டா: தெக்க ரோடு. வடக்க ஓடை. நடுவுல ஆயிரம் அடி இருக்கும்.

வெர்லின்: ரோடு... ஓடை... ம்.

நெல்டா: மேற்குப் பக்கம் வீடு, அத ஒட்டி கோழிக்கூண்டு. கிழக்க பக்கத்து வயல் வேலி.

வெர்லின்: கோழி பயப்படும். கூண்டுலேர்ந்து தள்ளிப் போயிரணும். அப்ப இங்க, வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவுல வெச்சு, ராக்கெட்ட மாட்டி விடற கம்பிய லேசா மேற்க சாய்ச்சு...

நெல்டா: மேல் மூலைல உருண்டையா என்னமோ போட்டீங்களே, அது என்ன?

வெர்லின்: வால்நட் மரம். அதுக்கு நேர் எதிர் மூலைல நின்னாத்தான்...

நெல்டா: வெர்லின்.

வெர்லின்: ம்?

நெல்டா: நான் ரோடு சொன்னேன். ஓடை சொன்னேன். கோழி கூட சொன்னேன். வால்நட் மரம் சொல்லவே இல்லையே. பென்சில கீழ வைங்க, ஒடையப் போகுது.

வெர்லின்: நீங்க மட்டும்? என் பேர நான் எப்ப சொன்னேன்?

நெல்டா: உள்பக்கம், அழியாத மைல எழுதியிருந்துச்சு. கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி.

வெர்லின்: அப்ப தெரிஞ்சுதான் வந்தீங்களா?

நெல்டா: நீங்க மட்டும் தெரியாமயா பேசுனீங்க? ‘ஒரே ஒரு வீட்டத் தவிர’ன்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதானே சொன்னீங்க?

வெர்லின்: கதவத் தொறந்தப்பவே தெரிஞ்சுருச்சு. இந்தச் செவப்புக் கோட்டு... கோழிக்குத் தீனி போடறப்ப ரோட்லேர்ந்து தெரியும்.

நெல்டா: ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி. பச்சை வண்டி. ஒரு பைனாகுலர்.

வெர்லின்: ராக்கெட்டப் பாக்கத்தான் வருவேன்.

நெல்டா: நான் வேற எதுவும் சொல்லலையே.

வெர்லின்: மொத நாளே வந்தேன், ராக்கெட்ட எடுத்துக்கலாமான்னு கேக்க. உங்க அண்ணன் துப்பாக்கியோட நின்னாரு.

நெல்டா: க்ளெட்டஸா? அவன் அந்த வருஷமே அரிசோனா போயிட்டான். மூட்டு வலிக்கு அந்த ஊர்தான் தோதாம்.

வெர்லின்: அந்த வருஷமேவா! பலகை இருந்துச்சே...

நெல்டா: அவன் நட்டது. புடுங்க நேரம் கிடைக்கல.

வெர்லின்: ஆறு வருஷமா?

நெல்டா: உங்களுக்கு ஆறு வருஷமா கதவத் தட்ட நேரம் கிடைச்சுச்சா?

வெர்லின்: ...சரி. நியாயம். ஆனா நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

நெல்டா: அதுக்கு அப்பறம் வர்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. கிறிஸ்மஸ்க்கு அப்பறம் வண்டியக் காணோம். எட்டு ஞாயித்துக்கிழமை.

வெர்லின்: இடுப்பு ஆபரேஷன். புதுசா ஒண்ணு வெச்சிருக்காங்க. வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. கடைக்கே பக்கத்து வீட்டுக்காரன்தான் எறக்கி விடறான்.

நெல்டா: நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேன்.

வெர்லின்: ரொம்ப சந்தோஷம்.

நெல்டா: அதான் அந்த நம்பருக்குப் போட்டுப் பாத்தேன். மெஷின் பேசுச்சு. கடை பத்து மணிக்குத் தொறக்கும்னு சொல்லுச்சு. செத்தவன் கடை தொறக்க மாட்டான்னு கெளம்பி வந்தேன்.

வெர்லின்: வந்து ராக்கெட் வேணும்னு கேட்டீங்க.

நெல்டா: வேற என்னத்தக் கேக்கறது? ‘ஏங்க வண்டி நிக்கல’ன்னா?

வெர்லின்: ...மரத்துல இன்னும் இருக்கா அது?

நெல்டா: மரமே இல்ல. போன மாசம் ஐஸ் மழை பெஞ்சுதே, அன்னைக்கு வேரோட சாஞ்சுருச்சு. நீங்க போட்ட உருண்டைய அழிச்சிருங்க.

வெர்லின்: ராக்கெட்?

நெல்டா: வெளிய என் வண்டில இருக்கு. ஒரு றெக்கை போச்சு. மத்தபடி முழுசு.

வெர்லின்: வண்டிலயா? இங்கயா... இப்பவா?

நெல்டா: மெதுவா எந்திரிங்க, புது இடுப்பு. அது எங்கயும் போகாது. இப்ப கேளுங்க, கேக்க வேண்டியத.

வெர்லின்: எத?

நெல்டா: பதினோரு பேரு. அஞ்சு வாரம். வயல்ல இப்ப மாட்டிக்கறதுக்கு ஒரு மரம் கூட இல்ல. நானா வந்து உங்க வாயில ஊட்டணுமா?

வெர்லின்: ...உங்க வயல்ல விட்டுக்கலாமா?

நெல்டா: விட்டுக்கலாம். இந்தக் குண்டு ராக்கெட் மட்டும். ஊசியக் கொண்டு வந்தா அந்தப் பலகைய மறுபடி நடுவேன்.

வெர்லின்: பத்து மைலுக்கு மேல காத்தடிச்சா ஒண்ணும் விட மாட்டோம். சத்தியமா. எழுதித் தர்றேன்.

நெல்டா: உங்க கையெழுத்துலயா? வேணாம். பெட்டியக் கட்டுங்க.

வெர்லின்: கட்டறேன்... கட்டறேன். பசை, ஈயக்குண்டு... ஒண்ணு சொல்லட்டுமா? மரத்துல என் ராக்கெட் வருஷா வருஷம் ஒரு கிளை கீழ எறங்கி வந்துச்சு. கவனிச்சீங்களா?

நெல்டா: ம்.

வெர்லின்: காத்துதான் எறக்குதுன்னு நெனச்சுக்குவேன். ஆனா பெயின்ட் பாத்தீங்களா! நான் சொன்ன மாதிரியே நின்னுச்சு. என்ன ஆனாலும் இந்த வார்னிஷ்ல ரெண்டு டப்பா எடுத்துக்கணும் நீங்க.

நெல்டா: உங்க வார்னிஷ் மொத வருஷமே உரிஞ்சு போச்சு, வெர்லின். அட்டை ஊறி, அது தானாவே கீழ விழுந்துருச்சு. கொட்டகைல காய வெச்சு, டிராக்டருக்கு அடிக்கற ஆரஞ்சப் பூசி, ஏணி போட்டு நான்தான் திரும்பக் கட்டி விட்டேன். ஒவ்வொரு வருஷமும், எனக்கு ஏற முடிஞ்ச ஒசரத்துல... ரோட்லேர்ந்து தெரியற கிளையாப் பாத்து.