அடுத்த வீட்டை ஏற்காதவர்

அன்பும் அறிவும் அடக்கமும் அணியெனக் கொண்டு, மனித மனத்தை அளக்கும் பணியில் வழுவாது நின்று, இன்று விடைபெறும் எங்கள் உளவியல் ஆய்வுப் பிரிவின் முதுநிலை ஆய்வாளர், மதிப்பிற்குரிய ப்ரியம்வதா அம்மையீர்,

வணக்கம். வாழ்த்தவே கூடினோம், வருத்தமே முந்துகிறது.

புனேவின் தமிழ் முதியவர்களிடையே தனிமை எவ்வளவு என்று அறியும் ஆய்வைத் தாங்கள் ஏற்ற ஆண்டில், நிக்டி பகுதியில் தமிழர் கூடிய பொங்கல் விழாவிலேயே எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டுத் துள்ளலோடு திரும்பினோம். "விழாவுக்கு வர்றவாகிட்ட போய், தனியா இருக்கேளான்னா கேட்டேள்? கல்யாணப் பந்தியில பட்டினி கிடக்கறவாளைத் தேடின கதைதான்" என்றீர்கள். சிரித்தோம், பிறகு தலை குனிந்தோம்.

அன்றுமுதல், தமிழ் முதியவர் வாழும் வீடுகளின் பட்டியலைக் குலுக்கிப் போட்டதில் விழுந்த வீடே வீடு. கதவு பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். மாற்றாக வேறொரு வீட்டைச் சேர்க்கலாகாது. போபோடி பகுதிச் சந்தொன்றில் ஒரு கதவு திறக்கவே இல்லை. களப்பணியாளர் இர்பான் மெல்ல இழுத்தார்: "மேடம், பக்கத்து வீட்டு பவுனக்கா சாய் போட்டு வச்சிருக்காங்க. அவங்களையே எழுதிக்கலாமே?"

"சாய் குடிக்கலாம் இர்பான். எழுத வேண்டாம்."

"ஏம்மா, எனக்கெல்லாம் மனசு இல்லியா?" என்றார் பவுனக்கா. கோப்பையைக் காலி செய்துவிட்டு, திறக்காத அக்கதவை மறுபடி தட்டப் போனீர்கள்.

பல நடைக்குப் பின் அக்கதவு திறந்தது. ஆயுதத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற துரைசாமி ஐயா எங்களைப் பார்த்ததும், "யாரு செத்துட்டாங்க?" என்றார். வாசலில் ஆள் வந்தால் அவருக்குத் தோன்றியது அது ஒன்றே.

அத்தகைய கதவுகள் இன்னும் பல இருக்கையில், காலம் கடந்ததென்று மேலிடம் ஆய்வை நிறுத்தியது. விழாக் கூட்டத்தின் விடைகளே அறிக்கையாயின. தனிமை இங்கே பெருங்குறையன்று என அச்சேறியது. அதை நம்பி, போபோடிக்கு வரவிருந்த முதியோர் பகல் மையமும் கைவிடப்பட்டது. தாங்கள் அறிக்கையிலிருந்து தங்கள் பெயரை நீக்கச் சொன்னீர்கள். பிரிவின் தலைமைப் பதவி அதனால் தங்கள் கைநழுவியது. அதற்காகத் தாங்கள் வருந்தி நாங்கள் கண்டதில்லை. துரைசாமி ஐயாவின் பதில் எதிலும் சேராமல் போனதை மட்டும் தாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததை அறிவோம்.

அம்மையீர், இம்மண்டபம் நிறைந்திருக்கிறது. தங்களை விரும்பியவர்களே வந்திருக்கிறோம். எனவே இப்பாராட்டு தங்கள் பணியின் முழு அளவு என்று சொல்லத் துணியமாட்டோம். வராதவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அறியோம்; அறியாததை அறியோம் என்றே எழுதத் தாங்கள்தாம் எங்களைப் பழக்கினீர்கள்.

உடல் நோயின்றி, உள்ளம் பாரமின்றி நெடிது வாழ்க. அந்த மையத்தைக் கேட்டு நாங்கள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். இன்னும் விடை இல்லை.

என்றும் தங்கள்,
ஆய்வுப் பிரிவின் பணியாளர்கள்,
புனே.