கம்பி நீட்டினவன்

— அலோர், அப்ப சரி, நாளைக்கு மூணாவது ஓலை படிக்க வேணாம்னு சாமியார்கிட்ட சொல்லிட்டு வரேன். வாசல்ல குறுக்க நிக்காத செலின்.

— நிப்பேன்பா. “தனிஸ்லாஸ் மவ செலின் மேரிக்கும் அருள்சாமி மவன் கில்பர்ட்டுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்க”ன்னு ரெண்டு ஞாயித்துக்கெழம பூசையில ஓலை படிச்சாங்க. ஊர்ல ஒருத்தர் இருமக்கூட இல்ல. பெத்த அப்பனே தடையா?

— பையன் எங்கடி? பாகிஸ்தான் சண்டை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கடுதாசி உண்டா? கம்பி நீட்டிட்டான்!

— ஆமா, நீட்டிட்டாரு. அவரு உத்தியோகமே அதான? கடலுக்கடியில போற தந்திக் கம்பி அறுந்தா, கப்பல்ல போயி ஒட்டிப் போடறவரு வேற இன்னாத்த நீட்டுவாரு?

— வாயப் பாரு வாய!

— சண்ட நேரத்துல கப்பல் எங்க நிக்குதுன்னு எழுத வுடுவாங்களா? நீ சைகோன்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த ஆளு. மொதல்ல கம்பியத்தான் அறுப்பான், அறுத்துட்டா எம்மாம் பெரிய பட்டாளமும் செவுடுதான்னு நீதான சொல்லுவ?

— அதாண்டி பயமே! கம்பி ஒட்டறவனத்தான் எதிரி தேடி வருவான். இந்தக் கண்ணால பாத்தவன் நான். எம் பொண்ணு வெள்ளப் பொடவையில நிக்கறத வேற பாக்கணுமா?

— அப்ப ஓடிட்டாருன்னு சொன்னது பொய்யி.

— வழிய வுடுடி, சாமியார்கிட்ட போவணும்.

— அறுந்தத ஒட்டறவரத்தான் கட்டிக்குவேன். நீ அறுக்காதப்பா.

— தனிஸ்லாஸ் ஐயா! நாந்தான், தந்தி ஆபீஸ் நாகராஜன். மேலேர்ந்து ஒரு விசாரணை வந்திருக்குங்க.

— இன்னா நாகராஜா, வா.

— மெட்ராஸ்லேர்ந்து கில்பர்ட்டுன்னு ஒருத்தர் உங்களுக்குத் தந்தி குடுத்திருக்காரு. ஓலைய நிறுத்தாதீங்க, வந்துடுவேன்னு. எல்லாம் இங்கிலீசு, ஓலை மட்டும் தமிழு. சண்ட நேரம் பாருங்க, ரகசிய பாஷையோன்னு தந்திய நிறுத்திட்டாங்க. அவரையும் உக்கார வெச்சிட்டாங்க.

— உக்கார வெச்சிட்டாங்களா?

— கல்யாண சமாச்சாரம்ன்றாராம், நம்பல. பொண்ணு வூட்டுல ஆமான்னா வுட்டுடுவாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பன ஓலையும் தென்ன ஓலையும்தாங்க. உங்களுக்கும் தெரியாதுன்னா, தெரியாதுன்னே பதில் போட்டுடறேன்.

— சொல்லுப்பா. தெரியாதுன்னே சொல்லு. சாமியார்கிட்ட போற நடையாவது மிச்சம்.

— சும்மா இருடி! நாகராஜா, எழுதிக்க. ஓலைன்னா எங்க கோயில்ல கல்யாணத்துக்குப் படிக்கற அறிக்கை. நாளைக்கு மூணாவது.

— சரிங்க. அந்தக் கில்பர்ட்டு உங்களுக்கு இன்னா வேணும்னு போடறது?

— கம்பி நீட்டினவன் எம் மருமவன்னு போடு.