கசக்காத மாத்திரை

மாத்திரை எண்ணும்போது தும்மல் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ராணுவ மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எண்ணியவன் நான். என் மூக்கே என்னைக் கேட்டுக்கொண்டுதான் தும்மும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்ததால்தான் டாக்டரம்மா, உங்கள் ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்றதும் முதலில் வந்து நின்றேன். தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் பழக்கம், அது உங்களுக்கே தெரியும். எங்கே கூட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடியை விட முடியாத முன்னாள் ராணுவத்தினர் அறுபது பேர். பாதிப் பேருக்குக் குடிக்கும் ஆசையைக் குறைக்கிற புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டப்பாவின் மேல் எண் மட்டும்தான். வாரம் ஒரு புது டப்பா கொடுத்து, பழையதில் மிஞ்சியதை எண்ணி எழுதுவது என் வேலை.

மூன்றாவது வாரம், மிஞ்சிய மாத்திரை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கிடங்கில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். லேபிள் கிழிந்த மருந்தை நாக்குதான் அடையாளம் சொல்லும். நிஜ மருந்து அடிநாக்கில் கசந்தது. மாவு கசக்கவில்லை. கசந்த டப்பாக்களில் ஒன்று பதினேழாம் எண். அது பீரங்கியுடையது.

பீரங்கி என் சிநேகிதன். பீரங்கிப் படையில் இருந்ததால் அந்தப் பெயர். ஒரு காது கேட்காது. அவன் ரகசியம் சொன்னால் மூன்று தெரு தள்ளி நாய் எழுந்துகொள்ளும். தினமும் நாலு மணிக்கு என் மாடி அறைக்கு வருவான். என் மனைவி போன பிறகு அங்கே இரண்டு நாற்காலி, இரண்டு தம்ளர், நான், அவன், அவ்வளவுதான். நான் ஒரு தம்ளரோடு நிறுத்துவேன், அவன் பாட்டிலோடு நிறுத்துவான். கதை என்னுடையது. பனிமலை முகாமில் ஓநாய்கள் மருந்துப் பெட்டியைத் தூக்கிப்போன கதை. குண்டு பட்டுக் கிடந்த அவனை நான் முதுகில் சுமந்து வந்த கதை. அது தொடக்கத்தில் இரண்டு மைல். மலை வருஷா வருஷம் வளர்ந்ததில் ஏழு மைலாகிவிட்டது. முடியும்போது அவன் கண் கலங்கி, "நீ இல்லேன்னா நான் ஏதுடா" என்பான். அதைக் கேட்கத்தான் நான் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாவது வாரம் அவன் தம்ளரைத் தொடவில்லை.

"என்னமோ பிடிக்கலடா. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

சொன்னேன். கேட்டான். சங்கடமே அதுதான். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டான்.

"போன வாரம் ஆறு ஓநாய்னே. இப்ப பதினொண்ணா?"

"குட்டி போட்டிருக்கும்."

"ஒரு வாரத்துலயா? ராணுவ ஓநாய்தான் போ. உத்தரவு வந்ததும் பெத்துருது."

இருவரும் சிரித்தோம். அவன் முகத்தின் வீக்கம் வடிந்து, உள்ளே இருந்த பழைய ஆள் எட்டிப் பார்த்தான். அவன் மனைவி டப்பா வாங்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வாரம் பூரா பேத்தியப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாரு. இத்தனை நாளும் 'ஏய்'தான். நீங்க உங்க கையால குடுக்கறதே எனக்குத் தெம்பு." எனக்கும் சந்தோஷம்தான். இதில் கூட்டல் எதுவும் இல்லை.

ஏழாவது வாரம் நான் அவனைச் சுமந்துகொண்டு ஓடையைக் கடக்கிற இடத்தில், கையை உயர்த்தி நிறுத்தினான்.

"இரு. என்னத் தூக்குனவன் சட்டையில வெங்காய வாடை அடிச்சுது. இப்பத்தான் ஞாபகம் வருது. நீ மருந்துல இருந்தவன், உனக்கேதுடா வெங்காயம்?"

"அவ்வளவு ரத்தம் போனா மூக்கு தப்பாத்தான் சொல்லும்."

"இருக்கும். நெட்டையா ஒரு சமையல்காரன் இருந்தானே, அவன் என்ன ஆனான்?"

தெரியாது என்றேன்.

"யோசிச்சுப் பாக்கறேன். இப்பல்லாம் தினம் ஒண்ணொண்ணா திரும்பி வருது" என்றான், வெகு சாதாரணமாக.

எட்டாவது வார டப்பாக்கள் மறுநாள் காலை வந்தன. நாற்பத்திரண்டாம் எண் ஒரு முன்னாள் லாரி டிரைவர், அவருடையது கசக்காதது. இரண்டையும் தட்டில் கொட்டி, இடம் மாற்றிப் போட்டு மூடினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவில்லை. டிரைவர் குடியை விட்டார். ஒருவருக்குப் பதில் ஒருவர், யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்தை எடுத்துவிட்டால் மட்டும் ஆசை உடனே வந்துவிடாது. அதனால் நிறைந்த தம்ளரைத் தினமும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். சில நாள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்தான்.

பத்தாவது வாரம் வெங்காயம் மறந்துபோயிற்று. மலை எட்டு மைலாயிற்று. அவன் அழுதான், நான் ஊற்றினேன்.

"என்னண்ணே, மாத்திரை வேலை செய்யலையா?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"சிலருக்கு உடம்பு பழகிடும் தங்கச்சி. விடாம குடுங்க."

விடாமல் கொடுத்தாள். வாரா வாரம் ஒரு மாத்திரைகூட மிஞ்சாத டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபதாவது வாரம் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

எந்த எண்ணுக்கு எது என்ற பட்டியலை நீங்கள் பிரித்துப் பார்த்ததில் பதினேழாம் எண் நிஜ மருந்து என்று இருக்கிறது. மருந்துதான் ஈரலைக் கெடுத்தது என்று எல்லோருக்கும் நிறுத்தப் போகிறீர்களாம். நிறுத்தாதீர்கள், டாக்டரம்மா. நல்ல மருந்து. எவ்வளவு நல்லது என்று என்னைப் போலப் பார்த்தவர் இல்லை. நாற்பத்திரண்டாம் எண்ணுக்குக் கசக்கிறதையே தொடர்ந்து கொடுங்கள்.

அவனை எடுத்த அன்று வீடு நிறைய ஆட்கள். "அண்ணே, நீங்க அவரைச் சுமந்துட்டு வந்தத எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி. சொன்னேன். ஒன்பது மைல். சண்டை நடந்த அன்று நான் கூடாரத்தில் பஞ்சுச் சுருள் எண்ணிக்கொண்டிருந்தேன். நெட்டைச் சமையல்காரன் அவனை என் முன்னால் இறக்கிவிட்டு, அடுத்தவனைத் தூக்கப் போய்த் திரும்பி வரவில்லை.

கதை முடிந்ததும் பீரங்கியை வாசலிலிருந்து வண்டிக்குக் கொண்டுபோனோம். முன்பக்கம் நீதான் பிடிக்க வேண்டும் என்று எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். நாற்பது அடி இருக்கும். நான் அவனைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.