வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தந்த ரிதா கம்மூன் அவர்களுக்கு

பெற்ற இடத்தைப் பிசகாமல் திருப்பித் தரும் பெருந்தகையே! எவரும் கேளாமல் உழைத்து, எவரும் காணாமல் களைத்த, மரியாதையாய் 'ஸீ ரிதா' என்று நாங்கள் அழைக்கும் பெரியவரே!

ஸ்ஃபாக்ஸ் நகரில், நம் ஆலிவ் எண்ணெய்க் கூட்டுறவின் கணினிப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். ஆலை எடைமேடைகளைக் கணினியோடு பேச வைக்கும் பழைய நெட்வொர்க் அட்டைக்கு, உலகில் எவரும் எடுத்தாளக்கூடிய திறந்த நிரல் ஒன்று உண்டு. அதைக் கவனிப்போர் பட்டியலில் பதினோரு ஆண்டுகளாக ஒரே பெயர், தங்கள் பெயர். அந்த நிரல் கணினியிடம் நினைவகத்தை வாங்கும். வேலை நடுவில் முறிந்தால் திருப்பித் தர மறந்துவிடும். அறுவடைக் காலத்தில் எடைமேடைகள் திணறி நின்றதெல்லாம் அதனால்தான். நாற்பத்தொரு இடங்களில் அதைச் சீர்செய்தீர்கள். நாங்களோ, "இந்த மனுஷன் மூலையில உக்காந்து அப்படி என்னத்தத்தான் தட்டுறாரு?" என்று சிரித்தோம். வெட்கமாக இருக்கிறது ஐயா!

அத்திருத்தங்களை, இத்தகைய நிரல்களைப் பேணுவோரின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினீர்கள். வேறொருவர் படித்துத் தம் பெயரிடாமல் எதையும் சேர்ப்பதில்லை என்பது அங்கே வழக்கம். ஏழு வாரம் பதிலே இல்லை. எட்டாம் வாரம் தட்டு நிறைய மக்ரூத் இனிப்போடு வந்தீர்கள்.

"யாருக்கு நிச்சயதார்த்தம், ஸீ ரிதா?" என்றார் பக்கத்து மேசை நைலா மஸ்மூதி.

"என் தப்பை ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாரும்மா! ஒரே நினைவகத்தை ரெண்டு தடவை திருப்பிக் குடுத்திருக்கேன். கணினியே கவுந்திருக்கும்!"

"தப்புக்குப் போய் இனிப்பா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் நான் எழுதினதை ஒருத்தர் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கார்."

நைலா கையிலெடுத்த இனிப்பை மேசையிலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் தங்கள் பழைய அஞ்சல்களைத் தேடிப் படித்தார். எல்லாமே ஊரறியப் பொதுவில்தான் கிடந்தன. சோதிக்கும் அட்டை அலுவலகத்தில் மட்டுமே இருப்பதால், ஓய்வுக்குப் பின் தங்களால் இதைக் கவனிக்க இயலாது. கவனிக்க ஆளில்லையென்றால் நிரலையே நீக்கிவிடுவார்கள். "யாராவது முன்வருவீர்களா?" என்று மூன்று முறை கேட்டிருந்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களிடம் மட்டும் கேட்கவேயில்லை.

மூன்று மாதமாக நைலா அந்த நிரலைப் படித்து வருகிறார். இன்று காலை, கவனிப்போர் பட்டியலில் தம் பெயரையும் சேர்க்கும் திருத்தத்தை அனுப்பிவிட்டார்.

அன்பும் அறிவும் அகலாத அண்ணலே! நலமும் நீண்ட ஆயுளும் பெற்று, பிள்ளைகள் பேரர் சூழப் பல்லாண்டு வாழ்க! ஆனால் இம்மடலை வாங்கிய கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நைலாவின் திருத்தத்தைப் படித்துப் பெயரிட, அந்நிரலை அறிந்தவர் தாங்கள் ஒருவரே. தங்கள் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.

இங்ஙனம்,
பக்கத்திலேயே இருந்தும் படிக்காமல் போன
கணினிப் பிரிவு ஊழியர்கள், ஸ்ஃபாக்ஸ்