அரைச் சுற்று

எங்கள் ஆரியசாலைத் தெருவில் இன்று யார் வீட்டில் தீயல், யார் வீட்டில் வெறும் ரசம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அதற்காக என்னை வம்புக்காரி என்பது நியாயமில்லை, சார். ஆறு வருஷமாக நான் வாசல் தாண்டிப் போனது பழவங்காடி பிள்ளையார் கோயில் வரைக்கும்தான். வீட்டில் ஜன்னல் இருக்கிறது, முகத்தில் கண் இருக்கிறது. பார்க்காமல் என்ன செய்வது?

எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். வியாபாரம் போயிற்று, பேச்சு போயிற்று, எடை மட்டும் போகவில்லை. எண்பத்தெட்டு கிலோ. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க வேண்டும், சாயங்காலம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. ஹோம் நர்ஸ் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பத்து நாள் இருந்தாள்; இன்னொருத்தி ஓணத்துக்கு ஊருக்குப் போனவள், போனவள்தான். மகள் ஷில்பா கனடாவிலிருந்து போனில் முகம் காட்டி, "அம்மா, டேக் கேர்" என்பாள்.

தூக்கியவன் நவநீத். பக்கத்து வீட்டு முத்தாரம்மாளின் மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. விடிந்ததும் நெடுமங்காடு வரை சைக்கிள் மிதித்துவிட்டு வியர்வையோடு வருவான். "அத்தே, மாமா ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. காலையும் சாயங்காலமும், நாலு வருஷம் இப்படி.

அவன் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காதவர் தெருவில் இல்லை. மலையேறுகிற சைக்கிள், ஆனால் கியர் மாற்ற முடியாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் செயின். எதிர்க்கடை பிச்சைக்கனி, "ஏம்டே, மிச்ச கியரெல்லாம் வழியில விழுந்திட்டா?" என்பார்.

"கியர் இருந்தா மாத்தத் தோணும் அண்ணாச்சி. இதுல ஒண்ணு நின்னு மிதிக்கணும், இல்லேன்னா இறங்கித் தள்ளணும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. என்னிடமும் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மாதிரி வண்டியில் செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக எதுவும் கிடையாது. பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துவைத்து நட்டை வலப்பக்கம் முறுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் முன்னால் நகரும், செயின் கழன்றுவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் உட்கார்ந்துதான் வண்டியைக் கழற்றிப் பூட்டுவான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், கேள்வி கேட்பேன். கேள்வி கேட்பது என் சுபாவம்.

தெருவில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். கடை திறந்தாலும் புதுவீட்டில் பால் காய்ச்சினாலும் பொன்னம்மையைக் கூப்பிடு என்பார்கள். முத்தாரம்மாள் அதை மகனுக்கும் பழக்கிவிட்டாள். அவன் தூரம் போகிற நாளில் பின்சக்கர நட்டில் கடைசி முறுக்கு நான் முறுக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஸ்பேனரை நீட்டுவான். நான் முறுக்கிய பிறகு அந்த நட்டைத் தொட மாட்டான். தொட்டால் ராசி போய்விடுமாம். படித்த பையன்தான்.

போன மாதம் பந்தயம். இங்கிருந்து விதுரா வழியாக மலையேறி, எஸ்டேட் மண்பாதைகளில் சுற்றி, மொத்தம் இருநூற்று எழுபது கிலோமீட்டர். வழியில் யாரிடமும் உதவி வாங்கக் கூடாது, வாங்கினால் வெளியே. ஒற்றைக் கியரில் அதை முடித்தால் வயநாட்டில் சைக்கிள் சுற்றுலா நடத்துகிற ஒருவர் அவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"பந்தயம் முடிச்சா அடுத்த வாரமே வயநாட்டுக்குப் போறான் அக்கா. நல்லதுதானே?" என்றாள் முத்தாரம்மாள்.

"பின்னே, நல்லதில்லாம?" என்றேன்.

அவன் என்னிடம், "மாமாவுக்கு வேற ஆளு பாத்துக்கிடுங்க அத்தே" என்றான். தக்காளி பார்த்து வாங்கச் சொல்வது போல.

"இன்னும் ஒரு வருஷம் இரி மக்ளே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு வருஷம் கழிஞ்சா மாமா எந்திரிச்சு நடந்திருவாரா அத்தே?"

கேலியில்லை. உண்மையாகவே கேட்டான்.

பந்தயத்தன்று காலையில் ஸ்பேனரை நீட்டினான். முறுக்கினேன். ஹெல்மெட் வாரைப் போட்டுக்கொண்டே, ஸ்பேனரை வண்டிப் பைக்குள் வைக்கச் சொன்னான். நான் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டேன். முதல் ஏற்றத்தில் செயின் கழலும், பையைத் திறப்பான், ஸ்பேனர் இருக்காது, பஸ்ஸில் ஏறித் தம்பானூர் ஸ்டாண்டில் வந்து இறங்குவான். சாயங்காலம் மாமாவைத் தூக்க வந்துவிடுவான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நடந்தது வேறு. பந்தயத்தில் கூடப் போன ஷாஜி உங்களிடம் சொல்லியிருப்பான். விதுரா தாண்டியதுமே செயின் இரண்டு தடவை கழன்றதாம். ஷாஜி தன் ஸ்பேனரை நீட்டியிருக்கிறான். "வேண்டா சேட்டா, வாங்கிச்சா ஞான் அவுட்டு" என்று நவநீத் சொல்லிவிட்டு, கையாலேயே செயினை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். புத்தியுள்ளவன் போவானா, சார்? எஸ்டேட் பாதையில் ஓர் ஏற்றம், இடது பக்கம் பள்ளம். அங்கே எழுந்து நின்று மிதித்தபோது மூன்றாவது தடவை கழன்றது. வண்டியோடு கீழே போய்விட்டான்.

அந்த இடத்தைப் பற்றி முன்பே என்னிடம் சொல்லியிருந்தான். "அங்க மட்டும் செயின் போச்சுன்னா நானும் போனேன் அத்தே" என்று. எனக்கு ஞாபகம் இருந்தது. நட்டை முறுக்கும்போதும் ஞாபகம் இருந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முத்தாரம்மாளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, பாவம். முதுகில் புண் வராமல் எப்படித் திருப்புவது, படுக்கை நனையாமல் எப்படித் துணி மாற்றுவது, எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முன்பு முட்டுவலி என்று எங்கள் வீட்டுப் படி ஏறாதவள், இப்போது என்னோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்காரரைத் தூக்குகிறாள். பிறகு இரண்டு பேருமாகப் போய் அவனைத் தூக்குகிறோம். அவன் அறுபது கிலோதான், சிரமமில்லை.

விழுந்த பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. முந்தாநாள்தான் வாய் திறந்தான்.

"அத்தே, அந்த நட்டை எந்தப் பக்கம் முறுக்கினீங்க?"

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். "கஞ்சி ஆறுது மக்ளே" என்றேன்.

அவன்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிடட்டும், நான் குறையாக நினைக்கவில்லை. அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம். அரைச் சுற்று. ஆனால் ஸ்டேஷன் காரியமெல்லாம் முடித்து இருட்டுவதற்குள் என்னை வீட்டில் விட்டுவிட வேண்டும், சார். இரண்டு பேரையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இப்படி ஒரு கஷ்டம் வந்த நேரத்தில் முத்தாரம்மாளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?